கியருக்கென்று வாங்கிக் கிளட்சுக்காக ஊற்றும் ஆயில்

கடந்த செப்டம்பரிலிருந்து இந்த மே வரை, பாறையையும் ஓடையையும் காலூன்றாமல் கடக்கும் ட்ரயல்ஸ் போட்டிக்கான என் மோட்டார்சைக்கிளின் கியர் பாக்ஸில் நான்கு வகை ஆயில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஊற்றி ஓட்டிப் பார்த்தேன். வண்டியை முன்பு வைத்திருந்தவர் ஊற்றிவிட்டுப் போன 80W கியர் ஆயில், எந்தக் கடையிலும் கிடைக்கும் 10W40 மோட்டார்சைக்கிள் எஞ்சின் ஆயில், ஆட்டோமேட்டிக் கார்களின் கியர் பாக்ஸுக்கு ஊற்றும் டெக்ஸ்ரான் 3 வகை ஏடிஎஃப், போட்டி வண்டிகளின் கியர் பாக்ஸுக்கென்றே தயாராகும் எல்ஃப் எச்டிஎக்ஸ் 740 ஆகியவையே அந்த நான்கு. நான்கிலும் கியர் ஒழுங்காகவே விழுந்தது. நான்கையும் வடித்தபோது டிரெயின் போல்ட்டின் காந்தத்தில் வழக்கமான மெல்லிய சாம்பல் நிறக் குழைவைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை ஆயில் மாற்றியபோதும் வேறொரு வண்டியில் ஏறியது போல இருந்தது. அந்த வேறுபாடு அத்தனையும் கிளட்சில்தான் இருந்தது. கியர் பாக்ஸ் ஆயில் என்ற பெயரே வாங்குபவரைத் தவறான கேள்விக்கு இட்டுச் செல்கிறது என்பது இந்த எட்டு மாதத்தில் எனக்கு உறுதிப்பட்டது.

வண்டியைப் பற்றியும் அது ஓடும் விதத்தைப் பற்றியும் முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்பெயினில் செய்யப்பட்ட 280 சிசி டூ ஸ்ட்ரோக் வண்டி அது. எடை 70 கிலோவைச் சுற்றி இருக்கும். இருக்கை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஓடுவது வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் குன்றுகளில். ஓடையும் பாறையும் சேறுமாக இருக்கும் நிலத்தைக் கிளப்காரர்கள் குச்சி நட்டுச் சிறு சிறு செக்‌ஷன்களாகப் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொன்றையும் காலைத் தரையில் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, இருமுறை என்றால் 2, அதற்குமேல் எத்தனை முறை என்றாலும் 3, விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. நாள் முடிவில் யாருக்குக் குறைந்த புள்ளியோ அவரே வென்றவர். செக்‌ஷனுக்குள் நுழையும்போது போட்ட முதல் அல்லது இரண்டாம் கியரிலேயே பெரும்பாலும் வெளியே வந்துவிடுவோம். மேல் கியர்கள் ஒரு செக்‌ஷனிலிருந்து அடுத்ததற்குப் போகும் வழிக்கு மட்டுமே. கியர் பற்களுக்கு இது சுகமான வாழ்க்கை. ஒற்றை விரலால் இழுப்பதும் விடுவதும் பாதியில் பிடித்து நிறுத்துவதுமாக ஓயாமல் உழைப்பது கிளட்ச்தான். பாறையின் அடியில் நின்று எஞ்சினை உறுமவிட்டு, அந்த வேகத்தை ஒரே நொடியில் பின்சக்கரத்துக்குக் கொடுத்து மேலேறும்போது கிளட்ச் கேட்டபடி கேட்கவேண்டும். இழுத்தால் முழுவதும் கட் ஆக வேண்டும். விட்டால் விட்ட அளவுக்குத்தான் பிடிக்க வேண்டும்.

நம் ஊர்ப் பட்டறைகளில் கியர் ஆயில் என்று கேட்டால் மறுபேச்சில்லாமல் 90 ஆயிலைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். பழைய புல்லட்டைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது கைப்பழக்கம், அந்த வண்டிக்கு அது பொருந்தவும் செய்தது. எஞ்சினுக்கு ஓர் ஆயில், கிளட்சும், எஞ்சினின் சுழற்சியை அதற்குக் கொண்டுவரும் பிரைமரி செயினும் இருக்கும் இடப்பக்கப் பெட்டிக்கு வேறோர் ஆயில், தனியாகப் பின்னால் மாட்டிய ஆல்பியன் கியர் பாக்ஸுக்கு மூன்றாவது என்று புல்லட்டில் எல்லாம் தனித்தனி. கியர் பாக்ஸில் எவ்வளவு தடித்ததை ஊற்றினாலும் அது கிளட்சைத் தொடப்போவதில்லை. (அந்தப் புல்லட்டும் ட்ரயல்ஸ் களத்திலிருந்து வந்ததுதான். 1948இல் இங்கிலாந்தில் நடந்த கோல்மோர் கோப்பை ட்ரயலில்தான் அதன் முன்மாதிரிகள் முதலில் களமிறங்கின. ராயல் என்ஃபீல்டில் ஜானி பிரிட்டன் 1952இலும் 1957இலும் ஸ்காட்டிஷ் ஆறு நாள் ட்ரயலை வென்றார். இடையில், 1955இல், வண்டி சென்னைக்கு வந்து சேர்ந்தது.) சாமி மில்லர் 1965இல் அதே ஆறு நாள் ட்ரயலை வென்று டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தைத் தொடங்கிவைத்த பல்டாகோ ஷெர்ப்பா டி வண்டியிலும் இந்தப் பிரிவினை இருந்தது. கிளட்ச் இருந்த பக்கத்துக்கு மெல்லிய ஆயில், கியர் பாக்ஸுக்குத் தடித்த ஆயில் என்று இரண்டு மூடிகள். இன்றைய டூ ஸ்ட்ரோக் ட்ரயல்ஸ் வண்டிகளில் அந்தச் சுவர் இல்லை. பிரைமரி கியர், கிளட்ச், கியர் பாக்ஸ், கிக்கரின் பற்கள் எல்லாம் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு மட்டும் பெட்ரோலில் கலந்த ஆயில். ஆக, கியருக்குத் தடித்ததும் கிளட்சுக்கு மெல்லியதும் வேண்டும் என்ற பழைய வழக்கில் ஒரே புட்டி இரு தரப்பையும் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. தீர்ப்பு கிளட்சின் பக்கம் போகவேண்டும் என்பது என் கட்சி.

புட்டியின் மேலுள்ள எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. எஞ்சின் ஆயிலை அளக்கும் கோலும் கியர் ஆயிலை அளக்கும் கோலும் வேறு வேறு என்பதை அறியாமல் பலர், 10W40 மெல்லியது, 80W அதைவிட இருமடங்கு தடித்தது என்று எண்ணிக்கொள்கிறார்கள். முதலாவது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇயின் ஜே300 என்ற அட்டவணையைச் சேர்ந்தது, இரண்டாவது ஜே306 என்ற அட்டவணையைச் சேர்ந்தது. 100 டிகிரி செல்சியஸில் 90 கியர் ஆயிலின் பாகுத்தன்மை 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் வரை (எண் கூடினால் தடிப்பும் கூடும்). அதே சூட்டில் 40 எஞ்சின் ஆயில் 12.5 முதல் 16.3 வரை, 50 எஞ்சின் ஆயில் 16.3 முதல் 21.9 வரை. அதாவது 90 என்ற பெரிய எண் 40க்கும் 50க்கும் இடையில்தான் வந்து விழுகிறது. 80W கியர் ஆயில் ஏறத்தாழ 30 எஞ்சின் ஆயிலுக்குப் பக்கத்து வீடு. 75W அதனினும் மெல்லியது. ஆனால் 75W என்று மட்டும் எழுதிய இரண்டு புட்டிகள் ஒரே அளவு மெல்லியவையாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

அந்த எண்கள் 100 டிகிரிக்கு உரியவை என்பதை மறந்துவிடக் கூடாது. நவம்பர் மாதக் காலையில், புல்லின்மீது வெள்ளைப் பனி படிந்திருக்கும்போது, வேனிலிருந்து வண்டியை இறக்கி முதல் செக்‌ஷனுக்குப் போகிறவருக்கு 100 டிகிரியில் ஆயில் எப்படியிருக்கும் என்ற செய்தியால் பயனில்லை. டெக்ஸ்ரான் 3 ஏடிஎஃப் 40 டிகிரியில் ஏறத்தாழ 35 சென்டிஸ்டோக் இருக்கும். வழக்கமான 10W40 அதே சூட்டில் 90 அளவில் இருக்கும். சூடு இன்னும் இறங்க இறங்க அந்த இடைவெளி விரிகிறது. கிளட்ச் பிளேட்டுகளுக்கு இடையே உள்ள இடுக்கு முடியளவுதான். லீவரை இழுத்ததும் பிளேட்டுகள் விலகினாலும் நடுவில் நிற்கும் ஆயில் படலம் ஒன்றின் சுழற்சியை மற்றொன்றுக்குக் கடத்திக்கொண்டேதான் இருக்கும். இரண்டு கண்ணாடிச் சில்லுகளுக்கு இடையில் நல்லெண்ணெய் தடவி ஒன்றை நகர்த்திப் பாருங்கள், பிறகு விளக்கெண்ணெய் தடவி நகர்த்திப் பாருங்கள். கிளட்ச் ஏன் கட் ஆகவில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான விளக்கம் இல்லை.

முதலில் இருந்த 80W ஆயிலோடு நான் பட்ட பாடு அதுதான். காலையில் முதல் முறை கிக்கரை உதைத்து, கிளட்சைப் பிடித்துக்கொண்டு முதல் கியரைப் போட்டால் வண்டி ஓர் ஆட்டுக்கிடாய் போல முன்னால் முட்டும். இரவு முழுக்க ஒட்டிக் கிடந்த பிளேட்டுகள் பிரிய மறுக்கும். இதற்கு ட்ரயல்ஸ்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று உண்டு: எஞ்சினைக் கிளப்பும் முன்பே கியரில் போட்டு, லீவரை இழுத்துப் பிடித்து, பிளேட்டுகள் பிரியும்வரை வண்டியை முன்னும் பின்னுமாகத் தள்ள வேண்டும். அதைச் செய்த பிறகும், எஞ்சின் சூடேறும்வரை நியூட்ரல் எளிதில் அகப்படாது. லீவர் முழுவதும் இழுத்திருந்தும் வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். பாறை விளிம்பில் நின்று சமநிலையைத் தேடும்போது இந்த ஊர்தல் என்ன செய்யும் என்பது ஒருமுறை கால் ஊன்றியவருக்குத் தெரியும். நான் எத்தனையோ முறை ஊன்றினேன். ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும்: பிற்பகலில், எல்லாம் சூடேறிய பிறகு, அந்த ஆயிலில் கிளட்ச் பிடித்த விதம் மிகவும் இதமாக இருந்தது. கோடைக்காலத்து ஸ்பெயினில் ஓட்டுகிறவர் அதைக் குறைசொல்ல மாட்டார் என்றே நினைக்கிறேன். யார்க்‌ஷயரில் கோடை என்பது ஒரு வதந்தி.

அடுத்து 10W40. நான் வாங்கியது ஜாசோ என்ற ஜப்பானியத் தர அமைப்பின் எம்ஏ2 முத்திரையுள்ளது. இந்த முத்திரையை நான் பெரிதாக மதிக்கிறேன், ஏனென்றால் இது ஆயிலில் ஊறும் கிளட்சை மனதில் வைத்தே உருவான அளவுகோல். எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் எஞ்சின் ஆயில்களில் உராய்வைக் குறைக்கும் சேர்மானங்கள் கூடிக்கொண்டே போனபோது, அதே ஆயிலில் கிளட்ச் ஊறும் மோட்டார்சைக்கிள்களில் கிளட்ச் ஸ்லிப் ஆகத் தொடங்கியது. அதற்கு ஜப்பானியர்கள் 1998இல் கண்ட மருந்து இந்த எம்ஏ, எம்பி பிரிவினை. 2006இல் எம்ஏ பிரிவு எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டானது. எம்ஏ2 என்றால் கிளட்சுக்குப் பிடிமானம் கூடுதல், எம்பி என்றால் குறைவு. ஊரில் அன்றாடம் ஓட்டும் வண்டிகளில் எஞ்சின், கிளட்ச், கியர் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான் என்பதால், இந்த எம்ஏ என்ற எழுத்துகள் ஆயில் டப்பாக்களில் பலருக்குக் கண்ணில் பட்டிருக்கும். என் வண்டியில் 10W40 எம்ஏ2 ஊற்றியதும் 80Wஐவிட ஓரளவு நிம்மதி கிடைத்தது என்று சொல்லலாம், அவ்வளவுதான். பிடிமானம் திடமாக இருந்தது, சற்றே அதிகத் திடமாகவும் இருந்தது: விரலை விடும் கடைசிக் கால் அங்குலத்தில் திடுமெனப் பிடித்தது. குளிரில் ஊர்ந்தது, எஞ்சின் சூடேறியதும் நின்றது. பழகும் வண்டிக்கு, அவசரத்துக்கு, மறுப்பில்லை. இதே வகையில் 10W30 எடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மூன்றாவதாக ஏடிஎஃப். இதைப் பற்றித்தான் ட்ரயல்ஸ் வட்டாரத்தில் ஓயாத வாக்குவாதம். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸில் இருப்பதும் ஆயிலில் ஊறும் கிளட்ச் பிளேட்டுகளின் அடுக்குதான் என்பதை நினைவில் கொண்டால், கார் ஆயிலை மோட்டார்சைக்கிளில் ஊற்றுவது விசித்திரமாகத் தோன்றாது. காரில் இருக்கும் பயணி உணராதபடி அந்தப் பிளேட்டுகள் வழுக்கிக்கொண்டே மெல்லப் பிடிக்கவேண்டும் என்பதற்காக டெக்ஸ்ரானின் உராய்வை அளவோடு பதப்படுத்தியிருக்கிறார்கள். அதே குணம்தான் ட்ரயல்ஸ்காரரின் ஒற்றை விரலுக்கும் தேவை. முதல் நாள் காலை, இரண்டு டிகிரிக் குளிரில், வழக்கம்போல வண்டியை முன்னும் பின்னும் தள்ளப் போனேன். ஒரே தள்ளலில் பிளேட்டுகள் பிரிந்தன. முதல் கியர் போட்டபோது முட்டல் இல்லை. நின்ற இடத்தில் எஞ்சினை உயர்த்திப் பிடித்தாலும் வண்டி நகரவில்லை. லீவரின் பிடிக்கும் தூரம் நீண்டது போலவும், அந்தத் தூரம் முழுவதும் என் விரலுக்குக் கட்டுப்பட்டது போலவும் தோன்றியது. நான் வாங்கியது நான்கிலும் மலிவான புட்டி என்பது வெட்கத்தைத் தந்தது; இத்தனை நாள் எதற்காக விலை கொடுத்தேன் என்று.

ஆனால் ஏடிஎஃப் என்ற மூன்றெழுத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. டெக்ஸ்ரான் என்ற பெயருக்கு உரிமையுள்ள ஜெனரல் மோட்டார்ஸ், டெக்ஸ்ரான் 3க்கு உரிமம் வழங்குவதை 2006 முடிவோடு நிறுத்திவிட்டது. இன்று கடையில் இருப்பவை அந்த அளவுகோலுக்குப் பொருந்துவதாகத் தயாரிப்பாளரே சொல்லிக்கொள்பவை. ஆகவே பெயர் தெரிந்த தயாரிப்பாளரிடம் வாங்குவது நல்லது. அதற்குப் பின் வந்த டெக்ஸ்ரான் 6 புதிதாக இருக்கும்போதே இன்னும் மெல்லியது. அதை நான் ஊற்றிப் பார்க்கவில்லை, ஊற்றவும் மனம் வரவில்லை. பழைய ஃபோர்டு கார்களுக்கான டைப் எஃப் என்று இன்னொன்று உண்டு. அதில் உராய்வைப் பதப்படுத்தும் சேர்மானம் கிடையாது. அதனால் பிளேட்டுகள் கடைசி நேரத்தில் சட்டென்று கவ்வுகின்றன. எனக்குத் தெரிந்த மூத்த மெக்கானிக் ஒருவர் அதைத்தான் ஊற்றுகிறார். பெரிய பாறைகளில் எகிறிக் குதிக்கும் இளைஞர்களுக்கு அந்தக் கவ்வல் பிடிக்கிறதாம், கிளட்ச் ஸ்லிப் ஆகும் பழைய வண்டிகளுக்கும் அது மருந்தாகிறதாம். அவர் வண்டியில் ஒரு பிற்பகல் ஓட்டிப் பார்த்தேன். ஈரமான புல்மேட்டில் மெல்ல ஏறவேண்டிய இடத்தில், விட்ட விரலுக்குமேல் கிளட்ச் பிடித்துச் சக்கரம் சுழன்றது. என் வயதுக்கும் திறமைக்கும் அது ஒத்துவரவில்லை.

ஏடிஎஃப் மீது சொல்லப்படும் பெரிய குற்றச்சாட்டு, அது கியர் பற்களைக் காப்பாற்றாது என்பது. இதை நான் பாதிதான் ஏற்கிறேன். கார்களின் பின் ஆக்சிலில் இருக்கும் ஹைப்பாய்டு கியரில் பற்கள் ஒன்றன்மீது ஒன்று இழுபட்டுத் தேய்கின்றன. கந்தகமும் பாஸ்பரசும் கலந்த, ஜிஎல்-5 என்ற தரத்துக் கியர் ஆயில் அதற்காகவே வந்தது. மோட்டார்சைக்கிளின் நேர்ப்பற்களில் அந்த இழுபாடு இல்லை. ஜிஎல்-5இன் அந்தச் சேர்மானங்கள் பித்தளை, வெண்கல புஷ்களுக்குக் கெடுதல் செய்யக்கூடியவை. கிளட்ச் பிளேட்டின் பிடிமானத்தையும் கெடுக்கக்கூடியவை. ஆகவே 90 ஜிஎல்-5 ஆயிலை இந்த வண்டியில் ஊற்றுவது கியருக்குச் செய்யும் உபகாரமும் அல்ல, கிளட்சுக்கு அபகாரம் என்பதில் சந்தேகமும் இல்லை. ஆனால் நாள் முழுக்கச் சூடாகவே ஓடும் வண்டியில் மெல்லிய ஏடிஎஃப் இன்னும் மெலிந்துபோகும் என்பது உண்மை. ஆல்ஃபிரட் ஆங்கஸ் ஸ்காட் 1914இல் தன் தொழிற்சாலை ஊழியர்களுக்காகத் தொடங்கிவைத்த ஸ்காட் ட்ரயலில் செக்‌ஷன் புள்ளிகளோடு நேரமும் கணக்கில் வருவதால், யார்க்‌ஷயரின் ஸ்வேல்டேல் மேட்டுநிலத்தில் மேல் கியர்களில் விரட்டியே ஆகவேண்டும். அப்படிப்பட்ட நாளுக்கு ஏடிஎஃப்பை நம்பி நான் புறப்பட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமைக் கிளப் ட்ரயலுக்கு, மூன்று நான்கு ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவதாக இருந்தால், ஏடிஎஃப் போதும்.

நான்காவதான எல்ஃப் எச்டிஎக்ஸ் 740க்கு ட்ரயல்ஸ் கடைகளில் நல்ல பெயர். 75W வகை, முழு சிந்தெடிக். ஏடிஎஃப் வடித்த மறுவாரமே இதை ஊற்றியதால் ஒப்பிட எளிதாக இருந்தது. குளிர்காலைப் பிரிதலில் ஏடிஎஃப்புக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை. சில நாள் ஏடிஎஃப் ஒரு படி மேல் என்றும் தோன்றியது. வேறுபாடு பிற்பகலில் வெளிப்பட்டது. நாற்பது செக்‌ஷன்களுக்குப் பிறகு, விரலும் களைத்து, கிளட்சைத் தேவைக்குமேல் வழுக்கவிட்டு ஓட்டும் நேரத்தில், ஏடிஎஃப்பில் பிடிக்கும் இடம் லீவரில் சற்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். எல்ஃபில் அது காலையில் இருந்த இடத்திலேயே இருந்தது. செக்‌ஷனுக்குச் செக்‌ஷன் ஒரே கிளட்ச் என்ற நம்பிக்கை வந்தால் கண் பாறையைப் பார்க்கும், மனம் விரலைப் பார்க்காது. கியர் மாற்றமும் இன்னும் மென்மையாக இருந்தது. குறிப்பாக நியூட்ரல் ஒரே தட்டலில் கிடைத்தது. விலை ஏடிஎஃப்பைப்போல இரண்டு மடங்குக்கு மேல். ஆனால் இந்த வண்டிகளின் கியர் பாக்ஸ் கொள்வது அரை லிட்டருக்கு முன்பின்தான் என்பதால் ஒரு லிட்டர் புட்டி இருமுறைக்கு வரும். அப்படிப் பார்த்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பெட்ரோல் செலவைவிடக் குறைவு. பின்டயர் ஒன்றின் விலையை நினைத்துக்கொண்டால் இதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

எல்ஃப் ஒன்றுதான் வழி என்று நான் சொல்ல வரவில்லை. மேக்ஸிமா எம்டிஎல் 75, பெல்ரே கியர் சேவர் 75W, சில்கோலீன் புரோ எஸ்ஆர்ஜி 75 ஆகியவை அதே பந்தியில் உட்காரக்கூடியவை. கிளட்ச் ஊறும் டூ ஸ்ட்ரோக் கியர் பாக்ஸை மனதில் வைத்தே விற்பனைக்கு வந்த மோட்டுல் டிரான்ஸாயில் 10W30, சற்றுத் தடித்த ஆயிலை விரும்பும் வண்டிகளுக்கும் வெப்பமான ஊர்களுக்கும் ஏற்றது. வண்டியோடு வந்த கையேட்டைத்தான் முதலில் திறக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கையேடு 10W30 என்றால் 10W30இலிருந்தே தொடங்குங்கள். கிளட்ச் முறையிட்டால் மட்டும் ஒரு படி மெல்லியதற்கு இறங்குங்கள். 2005இல் வந்த மான்டேசா கோட்டா 4ஆர்டி போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியில் எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆயில் தனித்தனி. இரண்டு மூடிகளில் எது எதற்கு என்று உறுதிசெய்துகொண்ட பிறகே புட்டியைச் சாய்க்க வேண்டும்.

ஆயில் மாற்றியும் தீராத கிளட்ச் தொல்லைகள் உண்டு. அவற்றுக்காக ஆயிலை மாற்றி மாற்றி ஊற்றுவது, பல்வலிக்குத் தைலம் மாற்றுவது போலத்தான். சில வண்டிகளில் தொழிற்சாலையிலேயே பிளேட்டின் உராய்வுத் துண்டுகளை ஒட்டிய பசை ஓரங்களில் பிதுங்கி நிற்கும். எந்த ஆயிலானாலும் அந்தப் பசை மறுநாள் காலையில் பிளேட்டை ஒட்டவைக்கும். பிளேட்டுகளைக் கழற்றி அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதுதான் வழி. காஸ் காஸ் டிஎக்ஸ்டி புரோவில் சுருள் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாக ஒரே வட்டத் தகடு ஸ்பிரிங் இருப்பதால், பிளேட் அடுக்கின் மொத்தக் கனம் மில்லிமீட்டரின் சிறு பகுதி மாறினாலும் லீவரின் குணம் மாறிவிடும். அங்கே ஆயிலுக்கு முன்பு கனம் அளக்கும் கேலிப்பரைக் கையில் எடுக்கவேண்டும். கிளட்ச் ஹவுசிங்கின் அலுமினிய விரல்களில் பிளேட்டுகள் பள்ளம் தோண்டியிருந்தால் பிளேட்டுகள் அந்தப் பள்ளங்களில் சிக்கி நிற்கும். ஹைட்ராலிக் லைனில் காற்றுக் குமிழி இருந்தால் லீவர் முழுவதும் இழுத்தும் பிளேட் விலகாது. லைனுக்குள் ஊற்றுவது கியர் பாக்ஸ் ஆயில் கிடையாது என்பது தெரிந்ததே; ஆனால் சில வண்டிகளுக்கு அது டாட் 4 என்ற பிரேக் திரவம், சில வண்டிகளுக்கு மினரல் ஆயில், ஒன்றின் இடத்தில் மற்றதை ஊற்றினால் சீல்கள் ஊதிப்போகும். ஆயில் மட்டத்துக்குமேல் ஊற்றுவதும் ஒரு காரணம்; கூடுதல் ஆயிலில் கிளட்ச் கடைந்துகொண்டு ஓடும். கொஞ்சம் அதிகம் இருந்தால் நல்லதுதானே என்ற எண்ணம் இங்கே உதவாது.

ஜனவரியில் எனக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஆயில் வடித்தபோது சிவப்பு ஏடிஎஃப்புக்குப் பதிலாக ரோஸ் மில்க் வந்தது. ஓடையில் விழுந்திருந்ததால் பிரீதர் குழாய் வழியே தண்ணீர் ஏறியிருக்கும் என்று எண்ணி, புது ஆயில் ஊற்றி ஓட்டினேன். அடுத்த வாரமும் ரோஸ் மில்க். தண்ணீர்ப் பம்பின் தண்டு கிளட்ச் மூடிக்குள் புகுந்து வருகிற இந்த வண்டிகளில், அந்தத் தண்டின் சீல் தேய்ந்தால் ரேடியேட்டர் தண்ணீர் நேராகக் கியர் பாக்ஸுக்குள் இறங்கும். சீல் மாற்றியதும் தீர்ந்தது. ஏடிஎஃப்பின் சிவப்பு நிறம் இதையும், எங்கேயாவது கசிந்தால் எங்கே என்பதையும் உடனே காட்டிக்கொடுக்கிறது; இந்தச் சிறு வசதிக்கு நான் தனி மதிப்பெண் கொடுக்கிறேன். இதற்கு நேர்மாறான கோளாறும் உண்டு. கிராங்கின் கிளட்ச் பக்கத்து ஆயில் சீல் தளர்ந்தால், எஞ்சின் கியர் பாக்ஸ் ஆயிலை உறிஞ்சிக் குடித்துப் புகையாக வெளியே விடும். வண்டிக்குக் கீழே ஒரு சொட்டுக் கசிவும் இல்லாமல் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே வடித்த ஆயிலை அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். ஊற்றிய அளவும் வடித்த அளவும் சுவரில் தொங்கும் காலண்டரில் தேதியோடு இருக்கிறது.

ஆயில் மாற்றும் வேலையில் சொல்வதற்கு அதிகமில்லை. பத்து நிமிடம் ஓட்டிச் சூடேற்றி, வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, டிரெயின் போல்ட்டைக் கழற்றி, டீ குடித்துவிட்டு வரும்வரை வடியவிட்டு, புது வாஷர் போட்டு, அளந்து ஊற்றினால் முடிந்தது. அலுமினிய உறையில் போல்ட்டை முறுக்கும்போது மட்டும் கையை அடக்கவேண்டும். ஒரு வகையிலிருந்து வேறு வகைக்கு மாறுகிறவர், பிளேட்டுகளில் ஊறிய பழைய ஆயில் போவதற்கு, புது ஆயிலை ஒரு சிறு ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி ஒருமுறை மாற்றிவிட்டால் புதியதன் உண்மைக் குணம் தெரியும். நான் முதல் தடவை அப்படிச் செய்யாமல் 10W40ஐ 80Wஇன் குற்றத்துக்காகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது வண்டியில் இருப்பது எல்ஃப். அலமாரியில் மீதி அரைப்புட்டி எல்ஃபும், திறக்காத டெக்ஸ்ரான் 3 புட்டி ஒன்றும் இருக்கின்றன. நீண்ட ஓட்டமுள்ள ட்ரயலுக்கு முதலாவது, வாரக் கடைசியில் ஓடைப்பக்கம் பழகுவதற்கும் தண்ணீர் புகுந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் வடித்துக் கொட்டுவதற்கும் இரண்டாவது. பழைய 80W புட்டியில் மீதமிருந்ததைப் பக்கத்துப் பண்ணைக்காரர் தன் கேட்டின் கீல்களுக்கு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கேட் இப்போது சத்தமில்லாமல் திறக்கிறது.